துணி டயபர்: கசியாமல் போடுவதும் வாடையில்லாமல் துவைப்பதும்

துணி டயபரை ஆசையாக வாங்கிவிட்டு, சில வாரத்திலேயே பரண்மேல் போட்டுவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று "எப்பப் பார்த்தாலும் கசியுது" என்பார்கள், இல்லாவிட்டால் "என்ன துவைச்சாலும் வாடை போகல" என்பார்கள். மூன்றாவது காரணம் சொல்கிறவர்கள் குறைவு. துவைக்கிற வேலை கூடுதல்தான், அதை மறைக்கப் போவதில்லை, ஆனால் அந்த வேலை கொஞ்ச நாளில் பழகிவிடும். நடுராத்திரியில் நனைந்த படுக்கை மட்டும் யாருக்கும் பழகாது. கசிவும் வாடையும் சும்மா வருவதில்லை, காரணம் பிடிபட்டால் பெரும்பாலும் அன்றைக்கே சரிசெய்துவிடலாம். அதனால் எதை வாங்குவது என்பதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, போடுவதற்கும் துவைப்பதற்கும் இங்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

எந்த வகைத் துணி டயபரை எடுத்தாலும் வேலை இரண்டுதான். ஈரத்தை உறிஞ்ச ஒரு துணி, அந்த ஈரம் வெளியே வராமல் தடுக்க ஒரு உறை. சிலவற்றில் தோலை ஒட்டி ஒரு மெல்லிய ஃபிளீஸ் துணியும் இருக்கும். அது ஈரத்தைத் தன்னிடம் பிடித்துவைக்காமல் கீழே இறக்கிவிடுவதால் குழந்தையின் தோல் ஓரளவு உலர்வாக இருக்கும். வெளி உறை இப்போது பெரும்பாலும் பியுஎல், அதாவது பாலியெஸ்டர் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. இந்த உறைக்கு ஒரு முன்கதை உண்டு: 1946-இல் மரியன் டோனவன் என்ற அமெரிக்கத் தாய், குளியலறைத் திரையை வெட்டித் தைத்து நீர்புகாத உறை ஒன்றைச் செய்தார். பிறகு ஊக்குக்குப் பதிலாக பிரஸ் பட்டனும் வைத்தார். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

தூக்கியெறியும் டயபருக்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி இருக்கிறது. ஈரம் பட்டதும் அது ஜெல்லாக மாறி, தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தினாலும் எளிதில் விடாது. துணியால் அது முடியாது. ஈரம் இழைகளுக்கு நடுவில் நிற்கும், அழுத்தினால் வெளியே வரும், அளவு மீறினால் வழியும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற பாதி விஷயம் தானாகவே புரிந்துவிடும்.

எதை வாங்குவது

கடையில் பார்த்தால் தலைசுற்றும் அளவுக்கு வகைகள் இருக்கும், ஆனால் கூட்டிக் கழித்தால் ஐந்துக்குள் அடங்கிவிடும். சதுரத் துணி என்பது ஒற்றை அடுக்குப் பருத்தி, மடித்துக் கட்டி மேலே உறை போடுவது. சுலபமாகத் துவைபடும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ப்ரீஃபோல்டு என்பது நடுவில் அடுக்குகளை அதிகமாக வைத்துத் தைத்த செவ்வகத் துணி, மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தால் வேலை முடிந்தது. பாக்கெட் டயபரில் உறையும் ஃபிளீஸும் சேர்ந்து ஒரு பைபோல இருக்கும், உள்ளே இன்சர்ட் என்னும் உறிஞ்சு துணியைச் செருக வேண்டும். ஆல்-இன்-ஒன்னில் எல்லாமே சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும், போடுவது மிக எளிது, காய்வதுதான் பெரும்பாடு. ஃபிட்டட் என்பது முழுக்க உறிஞ்சு துணியாலேயே டயபர் வடிவில் தைத்தது. அதற்குமேல் தனியாக உறை வேண்டும். ராத்திரிக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை.

என்னைக் கேட்டால், முதலில் வாங்குகிறவர்கள் உறையும் ப்ரீஃபோல்டும் சேர்ந்த ஏற்பாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. மூத்திரம் மட்டும் போயிருந்தால் உள்ளே இருக்கும் துணியை மாற்றினால் போதும், உறையை ஈரத்துணியால் துடைத்து, காற்றாட விட்டு, மறுபடி போடலாம். துவைக்கிற துணியும் குறையும். பாக்கெட் டயபர் இரண்டு மூன்று கையில் இருந்தால், குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளும்போது விளக்கம் சொல்லாமல் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

உறிஞ்சு துணி எதனால் ஆனது என்பதையும் பார்த்து வாங்குங்கள். மைக்ரோஃபைபர் என்னும் மிக மெல்லிய செயற்கை இழை வேகமாக உறிஞ்சும், சீக்கிரம் காயும், ஆனால் அழுத்தினால் அவ்வளவையும் கக்கிவிடும். அதைத் தோலில் நேரடியாகப் படும்படி வைக்கவே கூடாது, தோலில் இருக்கும் இயற்கையான ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சி வறட்சியும் எரிச்சலும் கொண்டுவரும். பருத்தி எல்லாவற்றுக்கும் நடுவில், நம்பி வாங்கலாம். மூங்கில் இழை என்று விற்கப்படுவது பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதாவது கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கியது. நன்றாக உறிஞ்சும், காய நேரமாகும். சணலைப்போலவே தண்டிலிருந்து நாரெடுக்கும் ஹெம்ப் மெல்லிசாக இருந்துகொண்டே நிறையப் பிடிக்கும், ஆனால் மெதுவாக உறிஞ்சும். அதனால் அதை அடியிலும், வேகமாக உறிஞ்சுவதை மேலேயும் வைப்பார்கள்.

எத்தனை வேண்டும்? பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 முறை மாற்ற வேண்டிவரும், சில மாதம் போனால் 6 முதல் 8 ஆகக் குறையும். இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைக்கிறவர்களுக்கு 20 முதல் 24 உறிஞ்சு துணியும் ஐந்தாறு உறையும் தாராளம். தினமும் துவைத்தால் அதில் பாதி. ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்து முதல் நாளே இருபதையும் ஒரே வகையில் வாங்கிக் குவிக்காதீர்கள். மூன்று நான்கு, அதுவும் வேறு வேறு வகையாக வாங்குங்கள். ஒரு குழந்தையின் தொடைக்குப் பொருந்துவது இன்னொரு குழந்தைக்குப் பொருந்தாது, போட்டுப் பார்க்காமல் தெரியவும் தெரியாது. எது ஒத்துவருகிறதோ அதை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். 'ஒன் சைஸ்' என்று விற்கப்படுவதில் ஏறக்குறைய 4 கிலோவிலிருந்து 15 கிலோ வரை என்று போட்டிருப்பார்கள். 3 கிலோ குழந்தையின் குச்சிக்கால்களைச் சுற்றி அது எங்கே நிற்கும்? முதல் ஒன்றிரண்டு மாதம் சதுரத் துணியோ, பிறந்த குழந்தைக்கென்றே இருக்கும் சின்ன அளவோதான் சரிப்பட்டு வரும். அதுவரை தூக்கியெறியும் டயபரே போட்டுவிட்டு, தொடையில் கொஞ்சம் சதை வைத்ததும் துணிக்கு மாறுவதிலும் எந்தக் குறையும் இல்லை. தொப்புள் கொடி காய்ந்து விழும்வரை, அதாவது முதல் மூன்று வாரம்வரைகூட, டயபரின் முன்பக்கத்தைக் கீழே மடித்து, கொடியில் உரசாமல் போடுங்கள்.

போடும் முன் துவைக்க வேண்டும்

புது டயபரைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராகப் போட்டு, அது ஒழுகி, "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப்பேர். பருத்தி, ஹெம்ப் இழைகளில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும், அது போகும்வரை தண்ணீரை முழுசாக உறிஞ்சாது. ஐந்தாறு முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் முழுத்திறன் வரும். ஹெம்ப்புக்கு இன்னும் ஒன்றிரண்டு அதிகம். மைக்ரோஃபைபருக்கும் உறைக்கும் ஒருமுறை போதும். தனியாக மெஷின் ஓட்ட வேண்டியதில்லை, வீட்டுத் துணியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டே வந்தால் குழந்தை பிறக்கும் முன்பே முடிந்துவிடும்.

தயாராகிவிட்டதா என்று பார்க்க, துணியின்மேல் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே இறங்கினால் சரி. மணிமணியாக உருண்டு நின்றால் இன்னும் துவைக்க வேண்டும். இந்தச் சோதனையை மறந்துவிடாதீர்கள், பின்னாலும் உதவும்.

போடும் முறை

கால் எலாஸ்டிக் எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தொடையின் நடுவில் சுற்றினால் தவறு. தொடையும் இடுப்பும் சேரும் மடிப்புக்குள், ஜட்டியின் ஓரம் வருகிற இடத்தில், அது போய் உட்கார வேண்டும்.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். டயபரின் பின் விளிம்பு இடுப்பு உயரத்தில் இருக்கும்படி அடியில் தள்ளுங்கள். முன்பகுதியை மேலே இழுப்பதற்கு முன், நடுப்பகுதியை இரண்டு விரலால் குறுக்கிப் பிடித்து, தொடைகளுக்கு நடுவில் ஒடுக்கமாகக் கொண்டுவந்து, பிறகு வயிற்றின்மேல் விரித்துவிடுங்கள். இந்த ஒடுக்குதலைச் செய்யாமல் பலகை மாதிரி அப்படியே தூக்கி மூடினால் எலாஸ்டிக் தொடையின் மேலேயே நின்றுவிடும். பட்டனைப் போட்ட பிறகு, குழந்தையின் ஒரு காலைத் தூக்கி, எலாஸ்டிக்குக்குள் விரலை விட்டு, முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு ஓட்டு ஓட்டுங்கள். உள்ளே சுருண்டிருந்த துணி நிமிரும், எலாஸ்டிக் மடிப்புக்குள் இறங்கும். உறிஞ்சு துணியின் நுனி எங்காவது உறைக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். நூல் அளவு வெளியே வந்திருந்தாலும் அந்த வழியாக ஈரம் ஏறி சட்டை நனையும்.

முன்பக்கத்தில் வரிசை வரிசையாக இருக்கும் பட்டன்கள் உயரத்தைக் குறைக்க, குறுக்கே இருப்பவை இடுப்பு அளவுக்கு. உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள், இடுப்பு அப்புறம். வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் இருக்கலாம். குழந்தை உட்காரும்போது வயிறு முன்னே வருமல்லவா, அதற்கு. தொடையில் மட்டும் இடைவெளி கூடாது. கழற்றும்போது லேசான சிவப்புத் தடம் தெரிந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் சரி, சாக்ஸ் கழற்றினால் வருகிற தடம் மாதிரிதான். ஆழமாகப் பதிந்து நெடுநேரம் இருந்தால் இறுக்கம் அதிகம்.

ஆண் குழந்தை என்றால் துணியின் தடித்த பகுதி முன்னால் வரவேண்டும், ஆண்குறி கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் எவ்வளவு நல்ல டயபராக இருந்தாலும் வயிற்று வழியாக நனையும். பெண் குழந்தைக்கு நடுவில் தடிமன் வேண்டும்.

துணி டயபர் கொஞ்சம் பருமனாகத்தான் இருக்கும். கால்கள் அகன்றிருக்கின்றனவே என்று பயப்பட வேண்டாம், கைக்குழந்தையின் கால்கள் இயல்பாகவே தவளைபோல விரிந்திருக்கும், அது இடுப்பு மூட்டுக்கு ஆகாத நிலை இல்லை. மேலே போடுகிற உடையை மட்டும் ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

மாற்றுவதும் சேர்த்துவைப்பதும்

இரண்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் கழித்தால் உடனே. அதைத் தள்ளிப்போடுவதில் லாபமே கிடையாது.

கழற்றியதை ஊறப்போடுகிற வாளியில் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. நாள்கணக்கில் அழுக்குத் தண்ணீரில் ஊறினால் கிருமி பெருகும், எலாஸ்டிக்கும் படலமும் சீக்கிரம் போய்விடும், தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளி ஆபத்தும்கூட. காய்ந்த கூடையோ, ஓட்டை உள்ள வாளியோ போதும். மூடி வேண்டாம். மூடிவைத்தால்தான் வாடை கூடும், காற்றோட்டம் இருந்தால் அவ்வளவு தெரியாது. இரண்டு நாளுக்கு மேல் சேர்த்துவைக்காதீர்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும், முதல் அலசலிலேயே போய்விடும். புட்டிப்பாலோ திட உணவோ தொடங்கிய பிறகு அப்படி இல்லை, டயபரைக் கழிப்பறையில் உதறி, ஒட்டியிருப்பதைக் கைக்குழாயால் பீய்ச்சிக் கழுவிவிட்டுத்தான் கூடையில் போட வேண்டும். டயபரின் ஓரத்தை மடக்கி, மேலிருந்து கீழாகப் பீய்ச்சினால் முகத்தில் தெறிக்காது. இந்த வேலை பிடிக்காதவர்கள் உள்ளே மெல்லிய லைனர் விரிக்கலாம், மலம் அதோடு வந்துவிடும். ஃபிளீஸ் லைனர் துவைத்துப் போடலாம். காகித லைனரைக் குப்பையில் போடுங்கள், கழிப்பறையில் தள்ளிவிடலாம் என்று அதன் பெட்டியில் எழுதியிருந்தாலும் குழாய் அடைத்தால் அனுபவிப்பது நீங்கள்தான்.

துவைப்பது

இரண்டு முறை துவைக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. முதல் துவைப்பு அழுக்கையும் மூத்திரத்தையும் வெளியேற்ற, இரண்டாவது துணியைச் சுத்தமாக்க. ஒரே துவைப்பில் முடித்தால் என்ன ஆகும்? மூத்திரம் கலந்த அதே தண்ணீரில் துணி சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

மெஷினில் என்றால், இன்சர்ட்டுகளைப் பாக்கெட்டிலிருந்து உருவிவிட்டுப் போடுங்கள். வெல்குரோ இருந்தால் மடக்கி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து சங்கிலியாக வெளியே வரும். முதலில் கொஞ்சம் சோப்புத்தூளோடு ஒரு குட்டி ஓட்டம், குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில். கொதிக்கிற தண்ணீர் முதலில் பட்டால் மலக் கறை பதிந்துவிடும். அப்புறம் நீண்ட ஓட்டம், 40 முதல் 60 டிகிரி வரை, முழு அளவு சோப்புத்தூளோடு. உறைக்கு 60-க்கு மேல் போகாதீர்கள், படலம் பிரிந்துவிடும். டிரம்மில் பாதிக்கு மேல், முக்கால்வரை துணி இருக்க வேண்டும். துணிகள் ஒன்றோடொன்று உரசினால்தான் அழுக்கு போகும். நாலே டயபர் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தாலும் சரி, திணித்து வைத்தாலும் சரி, சுத்தமாகாது. டயபர் குறைவாக இருந்தால் இரண்டாவது ஓட்டத்தில் சின்னத் துண்டு, குழந்தைத் துணி என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோப்புத்தூளைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை எப்படியோ பரவிவிட்டது: குழந்தைத் துணி என்பதால் ஒரு சிட்டிகை போட்டால் போதும் என்று. இதைப்போல் டயபரைக் கெடுப்பது வேறில்லை. வீட்டில் இருக்கும் துணிகளிலேயே மிக அழுக்கானது இதுதான், அதற்குத்தான் முழு அளவு சோப்பு வேண்டும். பயம் இருந்தால் சோப்பைக் குறைக்காமல் கடைசியில் இன்னொரு முறை அலசுங்கள். வாசனை குறைந்த சாதாரண சோப்புத்தூள் போதும். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் மட்டும் வேண்டவே வேண்டாம், அது இழைகளின்மேல் மெழுகு மாதிரி படிந்து உறிஞ்சும் தன்மையையே கெடுத்துவிடும். வினிகரை ஒவ்வொரு தடவையும் ஊற்றினால் எலாஸ்டிக் தளர்ந்துபோகும்.

கையால் துவைக்கிறவர்களுக்கும் இதே வரிசைதான். முதலில் குழாயடியில் அலசி அழுக்குத் தண்ணீரைக் கொட்டுங்கள். பிறகு சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் அரைமணி ஊறவைத்துக் கசக்குங்கள், அடுக்கு அதிகமுள்ள நடுப்பகுதியை நன்றாக அழுத்தி அழுத்திக் கும்ம வேண்டும், அங்கேதான் மூத்திரம் தங்கும். நுரை வராமல் போகும்வரை அலசுங்கள். உறையை முறுக்கிப் பிழியாதீர்கள், உள்ளங்கையால் அழுத்தி நீரை வடித்தால் போதும். கையால் துவைப்பதென்றால் சதுரத் துணிதான் சுகம், ஆல்-இன்-ஒன்னைக் கையால் துவைத்துக் காயவைப்பது தண்டனை.

காயவைப்பது

வெயிலில் போடுங்கள். மஞ்சள் கறை வெயிலிலேயே வெளுக்கும், ஈரமாக இருக்கும்போதே போட்டால் இன்னும் நன்றாக. கறை இருந்தால் அழுக்கு என்று அர்த்தமில்லை, அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். உறையை மட்டும் நிழல் கலந்த இடத்தில், அல்லது உள்பக்கத்தை வெயிலுக்குக் காட்டாமல் போடுவது நல்லது. எலாஸ்டிக் உள்ளதைக் கொடியில் நீளவாக்கில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் இழுபட்டுத் தொய்ந்துவிடும், அதனால் குறுக்காகப் போடுங்கள். சூடாக இருக்கும்போது எலாஸ்டிக்கை இழுக்கவும் கூடாது. உறைமேல் இஸ்திரி போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மழைநாளில் வீட்டுக்குள் காயப்போடுவதென்றால் மின்விசிறிக்கு அடியில், துணிகளுக்கு நடுவில் கைவிரல் நுழைகிற இடைவெளி விட்டுப் போடுங்கள். முழுசாகக் காயாததை மடித்துவைத்தால் முசுமுசுவென்று பூஞ்சை வாடை வரும். உள் அடுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டே எடுங்கள்.

கசிகிறதா?

எங்கே நனைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். தொடைப் பக்கம் மட்டும் நனைந்து, உள்ளே இருக்கும் துணி பாதி உலர்ந்திருந்தால் பொருத்தம் சரியில்லை. எலாஸ்டிக்கை மடிப்புக்குள் இறக்குங்கள், உயரப் பட்டனை ஒரு வரிசை குறைத்துப் பாருங்கள். துணி முழுக்க ஊறி, பிழிந்தால் கொட்டுகிறது என்றால் கொள்ளளவு போதவில்லை. இன்னொரு இன்சர்ட் சேர்க்க வேண்டும், அல்லது சீக்கிரம் மாற்ற வேண்டும். துணி உலர்ந்தே இருக்கிறது, ஆனாலும் ஒழுகுகிறது என்றால் துணி தண்ணீரை வாங்க மறுக்கிறது. முன்பு சொன்ன கரண்டித் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். கண்டிஷனரோ, டயபர் க்ரீமோ, குழந்தைக்குத் தடவிய எண்ணெயோ படிந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு மூன்று முறை துவைத்தால் சரியாகும்.

நடக்கும்போது சரியாக இருந்து, தூக்கி இடுப்பில் வைத்தாலோ கார் இருக்கையில் கட்டினாலோ மட்டும் நனைகிறதா? அழுத்தத்தில் மைக்ரோஃபைபர் கக்குகிறது, பருத்திக்கோ மூங்கிலுக்கோ மாறுங்கள். இறுக்கமான உள்ளாடையும் இதே வேலையைச் செய்யும்.

இவை எதுவும் இல்லையென்றால் உறையைச் சந்தேகப்படுங்கள். உள்பக்கம் பளபளவென்று இருக்கும் படலம் கொப்புளம் கொப்புளமாகப் பிரிந்திருந்தாலோ வெடித்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. பழைய டயபரை யாரிடமாவது வாங்கும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும், கூடவே எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுச் சட்டென்று சுருங்குகிறதா என்றும். எலாஸ்டிக்கை மாற்றித் தைத்துவிடலாம், பிரிந்த படலத்தை ஒன்றும் செய்ய முடியாது.

வாடை வருகிறதா?

காலையில் கழற்றும் ராத்திரி டயபர் மூக்கைத் துளைப்பது சகஜம். மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியா அமோனியாவாக மாற்றுகிறது, நேரம் கூடக்கூட வாடையும் கூடும். ஆனால் துவைத்துக் காய்ந்த துணி, குழந்தை ஒருமுறை மூத்திரம் போனதுமே கண் எரிகிற மாதிரி வாடை அடித்தால், துணிக்குள் பழையது தங்கியிருக்கிறது. சோப்பு போதவில்லை, அல்லது தண்ணீர் உப்பாக இருக்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் வேலையைப் பாதியாக்கி, இழைகளிலும் படிந்துவிடும். இதற்கு, உறையைத் தவிர்த்து இன்சர்ட்டுகளை மட்டும், சலவை சோடாவும் சோப்புத்தூளும் கரைத்த வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, பிறகு நன்றாகத் துவைத்து அலசலாம். எலாஸ்டிக் இல்லாத வெறும் பருத்தித் துணி என்றால் கொதிக்கவும் வைக்கலாம். ஒருமுறை சரியானதும் வழக்கமான சோப்பு அளவைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் இதே கதைதான்.

தோல் சிவந்தால்

அடிக்கடி மாற்றுவதும், சிறிது நேரம் எதுவும் போடாமல் காற்றாட விடுவதும்தான் முதல் மருந்து. துத்தநாக ஆக்ஸைடு க்ரீம், பெட்ரோலியம் ஜெல்லி இவையெல்லாம் துணியில் ஒட்டினால் போகாது, தடவும் நாட்களில் லைனர் விரித்துக்கொள்ளுங்கள். மடிப்புகளுக்குள் அடர்சிவப்பாக, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளோடு இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது ஆறும்வரை டயபர்களை 60 டிகிரியில் துவைத்து வெயிலில் காயவையுங்கள், முடிந்தால் அந்தச் சில நாள் தூக்கியெறியும் டயபருக்கு மாறிக்கொள்ளுங்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல் எது வந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள்.

ராத்திரியும் வெளியே போவதும்

ராத்திரிக்குப் பகல் டயபர் தாங்காது. ஃபிட்டட் டயபருக்குள் ஒரு ஹெம்ப் அல்லது மூங்கில் இன்சர்ட் சேர்த்து, தோலில் படும் இடத்தில் ஃபிளீஸ் லைனர் விரித்து, மேலே நல்ல உறை போட்டால் பெரும்பாலான குழந்தைகள் விடியும்வரை தாக்குப்பிடிக்கும். பிறந்த குழந்தைக்கு இது பொருந்தாது, அது எப்படியும் பாலுக்கு எழும், அப்போது மாற்றிவிடுங்கள்.

வெளியே போகும்போது ஜிப் வைத்த நீர்புகாத பை ஒன்று வேண்டும். கழற்றியதைச் சுருட்டி அதில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து, வந்ததும் பையைத் திறந்துவிடுங்கள். நீண்ட பயணத்தில் துவைக்க வழியில்லை என்றால் தூக்கியெறியும் டயபர் போடுங்கள். பகலில் துணி, ராத்திரி மற்றது என்று கலந்து வைத்திருக்கிறவர்களும் நிறைய. ஒரு நாளைக்கு இரண்டு துணி டயபர் போட்டாலும் குப்பைக்கு இரண்டு குறைந்தது.

சுற்றுச்சூழலுக்காக மாறுகிறவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட, தயாரிப்பிலிருந்து குப்பைக்குப் போகும்வரை கணக்கிட்ட வாழ்நாள் ஆய்வில், சராசரியாகப் பார்த்தால் துணி டயபர், தூக்கியெறியும் டயபர் இரண்டுக்கும் கார்பன் கணக்கு ஏறக்குறைய சமமாகவே வந்தது. துணி டயபரின் கணக்கை ஏற்றுவதும் இறக்குவதும் துவைக்கிற விதம்தான்: தண்ணீரை அதிகம் சூடாக்காமல், மெஷினை நிறைத்து ஓட்டி, மின் உலர்த்தியைத் தொடாமல் கொடியில் காயப்போட்டு, அதே டயபரை அடுத்த குழந்தைக்கும் போட்டால் துணி தெளிவாக முந்துகிறது.

அடுத்த குழந்தைக்கு எடுத்துவைப்பதென்றால் கடைசியாக நன்றாகத் துவைத்து, க்ரீமோ சோப்போ தங்காமல் அலசி, வெயிலில் முழுசாகக் காயவைத்து, பட்டன்களைத் திறந்து, எலாஸ்டிக் இழுபடாமல் தளர்வாக மடித்து, பருத்திப் பையில் போட்டு வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துவைத்தால் ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும். மறுபடி எடுக்கும்போது ஒருமுறை துவைத்துவிட்டு, எலாஸ்டிக்கையும் உறையின் படலத்தையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.